புலம்பலும் ஜெபமே: மனக்காயம், விசுவாசம், ஓவியம் பற்றிய கேள்வி பதில்

என் தம்பியை இழந்த ஆண்டில் கரித்துண்டைக் கையில் எடுத்தேன். இன்றுவரை அதைக் கீழே வைக்கவில்லை. அந்த அனுபவத்தையும் வேத வாசிப்பையும் துணையாகக் கொண்டு, வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. “எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்ற வசனத்தைச் சபையார் நினைவூட்டும்போதெல்லாம், நான் அழுவதே அவிசுவாசம் என்று தோன்றுகிறது. அப்படித்தானா அக்கா?

பதில்: இல்லை, சகோதரி. அந்த வசனத்தை எழுதிய அதே பவுல்தான் “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்றும் எழுதினார். வேதத்தின் ஜெபப்பாடல்களான 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88ஆம் சங்கீதத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நண்பர்களெல்லாம் தூரமாகிவிட்டார்கள் என்ற முறையீட்டோடு, ஆறுதலாக ஒரு சொல்கூட இல்லாமல் அது முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபமென்று ஏற்றுக்கொண்டுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். 56ஆம் சங்கீதத்தில் தாவீது தன் கண்ணீரைத் துருத்தியில், அதாவது தோல்பையில், சேர்த்துவைக்கும்படி கர்த்தரிடம் கேட்கிறார். துடைத்துவிடும்படி அங்கே கேட்கவில்லை.

கேள்வி: எனக்கு வரையவே தெரியாது. மணமுறிவுக்குப் பிறகு வெற்றுத்தாளைப் பார்த்தாலே அச்சமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எரேமியாவின் புலம்பலிலிருந்து தொடங்கலாம். கி.மு. 586ஐ ஒட்டி எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்த பேரழிவை அழும் அந்த நூலின் முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்கள் எபிரேய அரிச்சுவடியின் 22 எழுத்துகளையும் வரிசையாகப் பின்பற்றி, நாம் ஆத்திசூடியை அகரவரிசையில் படித்தோமே, அதைப்போலவே அமைந்திருக்கின்றன. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனங்களாக 66 வசனங்கள். நகரமே சிதைந்து கிடக்கும்போது இவ்வளவு கட்டுக்கோப்பு எதற்கு என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். கரையில்லாத துக்கத்துக்கு அந்த எழுத்துகள் ஒரு கரையைத் தருகின்றன என்றே நினைக்கிறேன். இந்த எழுத்துக்கு இவ்வளவு அழுதாயிற்று, இனி அடுத்த எழுத்து என்று மனம் ஒவ்வொரு அடியாக நகர முடிகிறது. “அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை” என்ற வரி நூலின் நடுவில் வருகிறது. அதற்குப் பிறகும் புலம்பல் தொடர்கிறது. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்கள் உண்டு, ஆனால் எழுத்து வரிசை அங்கே கைவிடப்பட்டிருக்கிறது.

நீங்களும் அ முதல் ஔ வரை பன்னிரண்டு சிறு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் போதும். அதில் அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லும், ஒரு கோடோ நிறமோ இருந்தால் போதுமானது. அழகாக அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேள்வி: இயேசுவை வரைவது விக்கிரகம் செய்வதாகாதா?

பதில்: வணங்குவதற்காகச் செய்வதையே வேதத்தின் கட்டளை தடுக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். யாத்திராகமம் 31இல் ஆசரிப்புக் கூடாரத்தின் கைவினைஞனான பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பியதாகக் கர்த்தர் சொல்வது கைவேலைக்காகவே. உங்கள் மனச்சாட்சி இடம் தராவிட்டால் முகத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் வரையுங்கள் தம்பி.

கேள்வி: உடலெங்கும் புண்களோடு சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்து மிரண்டுபோனேன். இதில் என்ன ஆறுதல் இருக்க முடியும்?

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மத்தியாஸ் குரூனவால்ட் 1512 முதல் 1516 வரையிலான ஆண்டுகளில் தீட்டிய ஐசன்ஹைம் பலிபீட ஓவியமாக இருக்கலாம், இன்று பிரான்சின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வரையப்பட்டது அல்சாஸ் பகுதியில் நோயாளிகளைப் பராமரித்த ஒரு அந்தோனியார் மடத்துக்காக. ரை என்னும் தானியத்தில் வளரும் நச்சுப்பூஞ்சையால் தோல் எரிந்து, கைகால்கள் அழுகி, சிலருக்கு அவற்றை வெட்டியெடுக்கவும் நேர்ந்த நோய் அது. அந்த நோயாளிகளின் கண்முன் நின்ற கிறிஸ்துவின் தோலிலும் அவர்களுடைய புண்களைப் போன்ற புண்கள் இருந்தன. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் ஒளி பொங்கும் ஓவியம் சிலுவைக் காட்சி தீட்டப்பட்ட மடக்குக் கதவுகளுக்கு உள்பக்கத்தில் இருக்கிறது. திருநாட்களில் கதவுகளைத் திறந்தால்தான் அது தெரியும். மற்ற நாட்களில் அவர்கள் பார்த்தது தங்களைப் போலவே வேதனைப்பட்டவரைத்தான். ஆறுதல் அங்கேதான் தொடங்கியது என்று நம்புகிறேன்.

கேள்வி: சிறுவயதில் அடித்துத் துன்புறுத்திய அப்பாவை நினைத்து வரைந்தால் கோபமே வருகிறது. மன்னித்த பிறகுதானே வரைய வேண்டும்?

பதில்: கோபத்தையே வரையுங்கள் தம்பி. 109ஆம் சங்கீதத்தில் இருக்கும் கோபத்தைக் கர்த்தர் கேட்டுப் பொறுத்துக்கொண்டாரே. மன்னிப்பு கேட்டவுடன் கைக்கு வந்துவிடாது. மன்னிப்பதும் மறுபடி அருகில் போய் நிற்பதும் ஒன்றல்ல. அடி இன்னும் தொடருமானால் முதலில் அந்த வீட்டைவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்கு வாருங்கள்.

கேள்வி: வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, வாழவே வேண்டாம் என்று சில இரவுகளில் தோன்றுகிறது. ஜெபம் போதாதா?

பதில்: இன்றே மருத்துவரைப் பாருங்கள், அன்புள்ளவரே. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். தீர்க்கதரிசி எலியா சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் அவரை முதலில் உறங்கவிட்டு, பிறகு தட்டியெழுப்பித் தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும்தான் கொடுத்தான். உடலுக்கான உதவியை விசுவாசக் குறைவாக எண்ணாதீர்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரை இன்றிரவு உங்களோடு இருக்கச் சொல்லுங்கள். வரைவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வரைந்தவற்றைச் சபையில் காட்டலாமா?

பதில்: ஓராண்டு உங்களிடமே இருக்கட்டும். அதன் பிறகு ஒருவரிடம் மட்டும், பதில் சொல்ல அவசரப்படாமல் கூடவே உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஒருவரிடம், காட்டுங்கள்.