கோரை மறுபடி முளைத்தது ஏன்?

கேள்வி: தாவர எண்ணெயில் செய்த இயற்கைக் களைக்கொல்லி என்று வாங்கித் தெளித்தேன். மறுநாளே கோரை கருகியது. பத்து நாளில் திரும்ப முளைத்துவிட்டது. மருந்து போலியா? இன்னும் கெட்டியாகக் கலக்கலாமா?

பதில்: மறுநாளே கருகியது என்பதால் போலி என்று சொல்ல மாட்டேன். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால், ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் போன்றவை பட்ட இடத்தைப் பொசுக்கும். இலையின் மெழுகுப் பூச்சும் செல் சவ்வும் சிதைந்து, ஈரம் வெளியேறிப் பச்சை காய்ந்துவிடும். அதற்குமேல் உள்ளே இறங்காது. கோரையின் உயிர் மண்ணுக்குள் கிழங்கில் இருக்கிறது. எவ்வளவு கெட்டியாகக் கலந்தாலும் அங்கே போகாது. பக்கத்துப் பயிர்தான் கருகும். இரண்டு மூன்று இலை விட்ட களை நாற்றுகளின் மேல், நல்ல வெயிலில், இலை முழுக்க நனையத் தெளித்தால் பலன் தெரியும். கோரையைக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

எனக்குப் பயம் இனிமேல்தான். "வேர்வரை கொல்லும் மூலிகை மருந்து" என்று அடுத்த பாட்டிலோடு ஒருவர் வருவார். தெளித்து நாலைந்து நாள் ஒன்றும் தெரியாமல், பிறகு மெல்ல மஞ்சளாகி அடியோடு செத்தால், அதில் வேர்வரை இறங்கும் ரசாயனக் களைக்கொல்லியான கிளைபோசேட் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். மூலப்பொருளும் அளவும் அச்சிடாத பாட்டிலைத் தொடவே வேண்டாம். "இயற்கை" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ள விட்டுவிட்டு, ஏமாந்த பிறகு புகார் கொடு என்பது என்ன கண்காணிப்பு? இயற்கை என்றால் சாது என்றும் நினைக்காதீர்கள். களைக்கொல்லியாகத் தெளிக்கும் 20 சதவீத அசிடிக் அமிலம் (வினிகரில் உள்ள அமிலம்தான்) கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

மண் வழியாக வேலை செய்யும் தாவரப் பொருளும் உண்டு. சோளத்தின் வேர்த்தூவிகள் சோர்கோலியோன் என்ற எண்ணெய்ப் பொருளைக் கசியவிடும். அது சின்ன நாற்றுகளின் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும். ஆனால் முளைக்கும் சிறு விதைக் களைகளிடம்தான் அதன் பலம். வளர்ந்த கோரைக் கிழங்கிடம் இல்லை. களைநாற்றுக்கும் கீரைநாற்றுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சோளம் அறுத்த கையோடு அங்கே பொடி விதை தூவினால் முளைப்பு குறையலாம். ஒரு சிறு பாத்தியில் விதைத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காக முளைத்தால் மற்ற இடத்தில் விதைக்கலாம்.