மாணவர்களுக்கு ஓட்டே இல்லாத 1967 தேர்தலை மாணவர் போராட்டம் எப்படி மாற்றியிருக்க முடியும்?

கேள்வி: 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை நடத்தியவர்கள் மாணவர்கள். அப்போது ஓட்டுரிமை வயது 21. தேர்தல் வந்ததோ இரண்டு வருஷம் கழித்து. அப்படியிருக்க 1967இல் காங்கிரஸ் தோற்றதற்குப் போராட்டம் காரணம் என்பது கட்டுக்கதைதானே? அரிசித் தட்டுப்பாடுதானே உண்மைக் காரணம்?

பதில்:

கேட்டவருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். "எல்லாம் அரிசியால் வந்தது" என்று வீட்டுப் பெரியவர் யாரோ அடித்துச் சொல்லியிருப்பார். எனக்கு 77 வயது. 1965 ஜனவரியில் காரைக்குடியில் பி.யு.சி. (கல்லூரிப் புகுமுக வகுப்பு) படித்துக்கொண்டிருந்தேன். ஓட்டில்லாத அந்த மாணவர்களில் நானும் ஒருவன். அதனால் "கட்டுக்கதை" என்ற சொல்லைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருந்ததில்லை. காமராஜர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவருடைய மதிய உணவு இல்லாவிட்டால் என்னோடு படித்த பாதிப் பையன்கள் மூன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள். கீழே வந்து "இவன் அந்தக் கட்சிக்காரன்" என்று எழுத நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பச்சி, அதாவது என் அப்பா, ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கி ஒன்றில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளாக இருந்தவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது கால்நடையாகவே ஊர் வந்து சேர்ந்தார். அந்த ஆகஸ்டில்தான் தேவகோட்டையில் கோர்ட்டுக்குத் தீ வைத்தார்கள். திருவாடானைச் சிறையை உடைத்து, சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை ஜனங்கள் மீட்டார்கள். அன்றையிலிருந்து அப்பச்சிக்குக் காங்கிரஸ் என்றால் சாமி மாதிரி. சண்டை ஓய்ந்ததும் மறுபடி பர்மா போனார். 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது ஒரு பெட்டி, ஒரு குடை, பழைய பேரேடுகள் இரண்டு, இவ்வளவோடு திரும்பி வந்தார்.

அரசியல் சட்டம் ஆங்கிலத்துக்குக் கொடுத்திருந்த 15 வருஷத் தவணை 1965 ஜனவரி 26ஆம் தேதியோடு முடிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்று பேச்சு. எங்கள் வீட்டில் கறுப்புத் துணி ஏது? அப்பச்சியின் ரங்கூன் குடையைப் பிரித்து அந்தத் துணியை மாடியில் கட்டிவிட்டேன். கீழே பட்டாலையில் உட்கார்ந்திருந்த அப்பச்சி மேலே வந்து பார்த்தார். அடிக்கவில்லை. "நாங்க பர்மாக்காரன் பாசையைப் படிச்சுத்தாண்டா பொழைச்சோம். இன்னொரு பாசை படிக்கிறதுக்கு இவ்வளவு கூத்தா?" என்றார். டெல்லிப் பரீட்சைகள் இந்தியில் வந்துவிட்டால் எங்கள் கதி என்ன என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. படிக்கட்டில் நின்றிருந்த என் அம்மா, ஆத்தாதான் பேசியது. "பாசை படிச்சீகளே, என்ன ஆச்சு? கட்டுன துணியோடதானே அனுப்பிச்சான்." அப்பச்சி எதிரில் ஆத்தா அப்படிப் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. கொடியை யாரும் அவிழ்க்கவில்லை.

மறுநாள் 27ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. இறந்துபோன இராசேந்திரன் சிவகங்கைப் பையன். எங்களுக்குப் பக்கத்து ஊர். மதுரையில் வடக்கு மாசி வீதியில் 25ஆம் தேதி நடந்த கலவரத்தைப் பத்திரிகையில் படித்தபோது அது வேறு எங்கோ நடந்தது போலத்தான் இருந்தது. இராசேந்திரன் செய்தி அப்படி இல்லை. பிறகு கீரனூர் முத்து, விராலிமலை சண்முகம் என்று விஷம் குடித்து மாண்டவர்களின் ஊர்களும் எங்கள் பக்கத்து ஊர்களே. பிப்ரவரி 12இல் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. மாநிலம் முழுக்க இறந்தவர்கள் அரசாங்கக் கணக்குப்படியே எழுபது பேர் பக்கம்.

எங்கள் ஊரில் மகர்நோன்புத் திடல் பக்கம் நடந்த ஒரு சின்ன ஊர்வலத்தில் எனக்குத் தடியடி விழுந்தது. இடது கையில் முழங்கைக்குக் கீழே எலும்பு விட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயரை எழுதிக்கொள்வார்கள் என்று பயந்து, முட்டைப் பத்துப் போடுகிற வைத்தியரிடம் கூட்டிப்போனார்கள். எலும்பு கோணலாகக் கூடியது. இன்றைக்கும் அந்தக் கையால் செம்பை நேராகப் பிடிக்க வராது.

இரண்டு வருஷத்தில் ஜனங்கள் மறந்திருப்பார்களே என்கிறீர்கள். அந்த இரண்டு வருஷமும் ஆத்தா எனக்குச் சோறு போடும்போதெல்லாம் இந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

இப்போது அரிசிக்கு வருகிறேன். தட்டுப்பாடு பொய் என்று நான் சொல்லவே இல்லை. மழை பொய்த்த வருஷங்கள் அவை. நியாயவிலைக் கடையில் அரிசி என்றைக்கு வரும் என்பதே தெரியாது. வருகிறது என்று சொன்னால் விடிவதற்கு முன்பே போய் நிற்க வேண்டும். கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் கால்வாசி, 1930களில் செட்டிநாட்டார் கைக்கு வந்திருந்தது. அந்த நெல்லுக்குக் கணக்கு எழுதிய மனுஷனின் பெண்சாதி, எங்கள் ஆத்தா, யார் கண்ணிலும் படாமல் இருக்க முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றது. ஒருநாள் ஐந்து மணி நேரம் நின்று வெறும் கோதுமையோடு வந்தது. உள்முற்றத்து வளவில் பையை வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தது. எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா சொன்னது ஆத்தா காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அரிசியா, இந்தி எதிர்ப்பா என்று தராசில் வைத்துக் கேட்கிறீர்களே, இரண்டையும் சுமந்தது ஒரே ஆள். அவளுக்கு ஓட்டு இருந்தது.

தேர்தல் 1967 பிப்ரவரியில். சட்டமன்றத்துக்கும் பார்லிமெண்டுக்கும் சேர்த்து இரண்டு சீட்டு. எங்கள் தொகுதியில் தி.மு.க. கூட்டணி சார்பாகச் சட்டமன்றத்துக்கு நின்றது சுதந்திராக் கட்சி. 1962இலேயே கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அந்தக் கட்சியில் நின்று ஜெயித்த ஊர் இது. ஆக சட்டமன்றச் சீட்டில் சுதந்திராவின் நட்சத்திரம், பார்லிமெண்டு சீட்டில் தி.மு.க.வின் உதயசூரியன். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்த ராஜாஜியின் கட்சிக்கு, இந்தி எதிர்ப்பில் கை ஒடிந்த நான் ஓட்டுக் கேட்டேன். அது அன்றைக்கே உறுத்தியது. ஆனாலும் கேட்டேன்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமார்களுக்கு இரண்டு சீட்டு, இரண்டு சின்னம் என்பது பெரிய குழப்பம். ஒரு சீட்டில் சரியாகக் குத்திவிட்டு இன்னொன்றில் பழக்கத்துக்குக் காங்கிரஸின் நுகத்தடி மாட்டில் குத்திவிடுவார்கள் என்று பயம். அப்பச்சியின் பேரேட்டில் எழுதாத தாள்கள் பின்னால் நிறைய இருந்தன. அவற்றைக் கிழித்து ஒன்றில் நட்சத்திரமும் மாடும், இன்னொன்றில் சூரியனும் மாடும் வரைந்தேன். முத்திரைக்குப் பதில் வெண்டைக்காய்க் காம்பு, மைக்கு அடுப்புக்கரி. எங்கள் வீட்டுப் பின்பக்க இரண்டாம் கட்டிலேயே மத்தியான வேளையில் அக்கம்பக்கத்து ஆச்சிமார் பத்துப் பதினோரு பேர் குத்திப் பழகினார்கள். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கிற சுவரொட்டியைப் பற்றித்தான் பேச்செல்லாம். ஜனவரி 12இல் அவர் சுடப்பட்ட பிறகு பெண்கள் மனசு எந்தப் பக்கம் போயிற்று என்பதற்கு அந்த இரண்டாம் கட்டே சாட்சி. ஆத்தா மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. அப்பச்சி ஓட்டு எதுவோ அதுதான் அதனுடைய ஓட்டு என்று நானும் விட்டுவிட்டேன்.

ஓட்டுப் போடுகிற நாள் காலையில் ஆத்தா சமையற்கட்டிலிருந்து கூப்பிட்டது. அப்பச்சி முகப்பில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த நட்சத்திரம் எந்தச் சீட்டுலப்பா?" என்று கேட்டது. வெள்ளைச் சீட்டா வேறு நிறமா என்பதெல்லாம் எனக்கே தெரியாது. "முதல்ல படத்தைப் பாருங்காத்தா, நட்சத்திரம் இருந்தா அதுல, இல்லாட்டி சூரியன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அப்பச்சி பின்னாலேயே போனது.

காரைக்குடியில் நட்சத்திரம் ஜெயித்தது. 234 இடங்களில் தி.மு.க. மட்டும் 137. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராஜர் 1285 ஓட்டில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். காமராஜர் செய்தி ரேடியோவில் வந்த இரவு அப்பச்சி சாப்பிடவில்லை. தெருவில் பட்டாசு வெடித்தது. நான் வெளியே போகவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த மனுஷன் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்துவிட்டு என்னால் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பேரேட்டுத் தாள்கள் வெகுகாலம் பெட்டகத்தில் இருந்தன. மையிட்ட வெண்டைக்காய்த் தடங்களோடு. இப்போது இல்லை. அதையும் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் வளவு வீட்டுக்கு இன்றைக்குப் பதினொரு பங்கு. பங்காளிகளில் பாதிப்பேர் கடல் கடந்து இருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு தேக்குத் தூண்களையும் முகப்புக் கதவையும் விலைபேசிக் கொடுத்துவிட்டார்கள். வாட்ஸாப்பில் ஒவ்வொருவராகச் சம்மதம் என்று போட்டார்கள். நான் போடவில்லை. ஒருவன் சம்மதிக்காவிட்டால் வேலை நிற்க வேண்டுமா இல்லையா? நிற்கவில்லை. பெட்டகத்தைக் கவிழ்த்துக் காகிதத்தையெல்லாம் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தபோது கடைக்காரர் எப்போதோ அரைத்துக் கூழாக்க அனுப்பிவிட்டார். செட்டிநாட்டு வீடு என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் கதவின் செதுக்கலைப் பார்க்கிறார்கள். உள்ளே இருந்த காகிதத்தை ஒருவரும் கேட்பதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் "ஆதாரம் எங்கே" என்று கேட்கப் போகிறவர்களுக்கு என்னிடம் காட்ட இந்தக் கோணல் கை ஒன்றுதான் மிச்சம்.

என்னுடைய முதல் ஓட்டு 1971 மார்ச்சில். அதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்துவிட்டது. இந்திரா காந்தி பக்கம் தி.மு.க. நின்றது. எதிரில் காமராஜரும் ராஜாஜியும் ஒரே அணி. அன்று காலையில் அப்பச்சி முகப்பில் எனக்காகக் காத்திருந்தார். "ஓன் ராஜாஜியும் என் காமராஜரும் ஒண்ணாயிட்டாக. இப்ப என்னடா செய்யப் போறே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆத்தாவும் வந்து சேர்ந்துகொண்டது. மூன்று பேருமாக நடந்தே போனோம்.