ஓடுகிற போனை மாற்றலாமா?

அன்புள்ள அக்கா,

திண்டுக்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2021 கடைசியில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். வாட்ஸப், ஜிபே, பிள்ளைகளின் நோட்டைப் படம் எடுப்பது, இவ்வளவுதான் என் உபயோகம். எதிலும் குறையில்லை. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சார்ஜ் இறங்கிவிடுகிறது, அது ஒன்றுதான் தொல்லை. "இவ்வளவு பழைய போனில் பேங்க் கணக்கு வைத்திருப்பது ஆபத்து" என்கிறார் என் கணவர். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் புதுசுக்கு மாறிவிட்டார்கள். பண்டிகைச் சலுகை, வட்டியில்லாத் தவணை என்று விளம்பரங்கள் வேறு. நல்லா ஓடுகிற பொருளைத் தள்ள மனசு வரவில்லை. வைத்துக்கொண்டிருப்பது கஞ்சத்தனமோ என்றும் தோன்றுகிறது. பையன் பழைய போனைத் தனக்குத் தரச் சொல்கிறான். என்ன செய்யலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

கஞ்சத்தனம் இல்லை. உங்கள் தயக்கம் நியாயமானது. உங்கள் கணவரின் பயமும் நியாயமானதுதான். இரண்டும் வேறு வேறு விஷயத்தைப் பற்றியவை. அதனால் பேட்டரியைத் தனியாகவும் பாதுகாப்பைத் தனியாகவும் பார்ப்போம்.

பேட்டரி தேய்வதால் போன் கிழடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. லித்தியம் அயன் பேட்டரிக்குள் ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் கிராஃபைட் முனையின் மேல் படிந்திருக்கும் மெல்லிய படலம் கொஞ்சம் தடிக்கிறது. மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதி அதிலேயே சிக்கிக்கொள்கிறது. அதனால் கொள்ளளவு குறைகிறது, உள் மின்தடை கூடுகிறது. இருபது சதவீதம் காட்டும்போதே போன் திடீரென்று அணைந்துபோவது இதனால்தான். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போனை வைப்பதும், சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடுவதும் இந்தத் தேய்மானத்தை வேகப்படுத்தும். நம் ஊர் வெக்கைக்கு இது சாதாரணமாக நடப்பது. பேட்டரி தேய்ந்துபோகும் பாகம். டயர் மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டியது.

இதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகத் தானே குறைத்து வந்ததை ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணையாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. வாடிக்கையாளர்களிடம் அதைத் தெளிவாகச் சொல்லாததற்கு 2020-இல் பிரான்ஸ் அரசு அமைப்பு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. என்னைப் பொறுத்தவரை இதற்கு நடுவில் நடந்ததுதான் முக்கியம். மக்களின் கோபத்தைத் தணிக்க, 2018 முழுக்க பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். 2019 ஜனவரியில் அந்த நிறுவனத் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஐபோன் விற்பனை எதிர்பார்த்த அளவு போகாததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, மலிவாகக் கிடைத்த பேட்டரி மாற்று வசதி. வேகம் போய்விட்டது, புதுசு வாங்க வேண்டும் என்று நினைத்திருந்த பலருக்கு உண்மையில் ஒரு பேட்டரி போதுமானதாக இருந்திருக்கிறது. விற்கிறவரே கொடுத்த இந்த வாக்குமூலத்தைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நாலு மணிக்குச் சார்ஜ் தீர்கிறது என்பதற்காக மட்டும் போனை மாற்றாதீர்கள். உங்கள் போன் கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் அசல் பேட்டரி போடச் சொல்லுங்கள். சாதாரண விலைப் போனுக்குப் பெரும்பாலும் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். மலிவு என்று பெயர் தெரியாத பேட்டரியைப் போட வேண்டாம். பின்பக்கம் உப்பியிருப்பது தெரிந்தால் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டு, உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி கணவர் சொன்னது. வாங்கி எத்தனை வருஷம் என்ற கணக்கை விடுங்கள், அது ஆபத்தைக் காட்டாது. செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். சமீபத்திய மாதங்களில் ஒன்றாக இருந்தால் உங்கள் போனுக்கு இன்னும் பாதுகாப்பு ஒட்டு (ஓட்டைகளை அடைக்கும் சின்ன மென்பொருள் திருத்தம்) வந்துகொண்டிருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் பின்தங்கி, அப்டேட் தேடினாலும் எதுவும் வரவில்லை என்றால் கம்பெனி கைவிட்டுவிட்டது என்று பொருள்.

அந்தத் தேதி எதற்கு? 2015-இல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்றொரு ஓட்டை வெளியே தெரியவந்தது. ஒரு மல்டிமீடியா செய்தியை அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழைய வழியிருந்தது. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதாமாதம் ஓட்டைகளின் பட்டியலையும் அவற்றுக்கான ஒட்டையும் வெளியிட ஆரம்பித்தது. அந்தப் பட்டியலைத் திருடனும் படிக்கிறான் என்பதுதான் சிக்கல். ஒட்டு கிடைத்த போனுக்குக் கவலையில்லை. கிடைக்காத போனில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அப்டேட் நின்ற மறுநாளே பணம் போய்விடாது. ஜிபே, வங்கிச் செயலிகள் தனியாகப் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அடியில் இருக்கும் இயங்குதளத்தின் ஓட்டைகளை அவை அடைக்க முடியாது. மாசம் கூடக்கூட ஆபத்தும் கூடும்.

கணவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸப்பில் ஏபிகே கோப்பு, அதாவது ஒரு செயலியை நிறுவும் கோப்பு, வருகிறது. அதைத் தொட்டு நிறுவிவிட்டுப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். அதற்குப் புதுப் போனும் ஒன்றுதான், பழைய போனும் ஒன்றுதான். ஓடிபியைச் சொல்லிவிட்டால் எந்தப் போனும் காப்பாற்றாது.

தேதி சரியாக இருந்தால் பேட்டரியை மாற்றிவிட்டு அப்டேட் வந்துகொண்டிருக்கும்வரை நிம்மதியாக இதையே வைத்திருங்கள். நான் அதைத்தான் செய்வேன். நோட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறவருக்குப் புதுக் கேமராவால் பெரிய லாபமில்லை. வாட்ஸப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். இன்னொன்றும் மனசில் இருக்கட்டும். ஒரு போன் தன் வாழ்நாளில் வெளியேற்றும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அது தயாராகும்போதே வெளியேறிவிடுகிறது, நாம் சார்ஜ் போடுவதால் வருவது சொற்பம். 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்கிறது ஐ.நா.வின் அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளது அதில் 22.3 சதவீதம்தான். இரண்டு வருஷம் கூடுதலாக ஒரு போனை வைத்திருப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தேதி பின்தங்கிக் கிடந்தால் மாற்றுங்கள். சம்பளக் கணக்கு உள்ள போன் அது. அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

அப்படி வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், எந்த வருஷம்வரை அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். 2023-இல் பிக்சல் 8 போன் வந்தபோது கூகுள் ஏழு வருஷம் என்றது. 2024 தொடக்கத்தில் எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் அதையே சொன்னது. இவை விலை கூடியவை. குறைந்த விலைப் போன்களில் காலம் ரொம்பவே குறையும், மாடலுக்கு மாடல் மாறும். அந்தக் காலம் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பண்டிகைத் தள்ளுபடியில் பாதி விலைக்கு வருவது பலசமயம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாடல். அதன் ஆயுளில் இரண்டு வருஷம் கடை அலமாரியிலேயே கழிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும், 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அப்படி ஒரு விதி நமக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நீங்கள் கேட்டு வாங்கினால்தான் கடைக்காரருக்கும் இது ஒரு கேள்வியாகப் படும்.

வட்டியில்லாத் தவணையைப் பொறுத்தவரை, பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது. இப்போது நடப்பது, வட்டிக்குச் சமமான தொகையை முதலில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டுப் பிறகு வட்டியோடு வசூலிப்பது. கிரெடிட் கார்டு தவணையானால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, செயலாக்கக் கட்டணமும் சேரலாம். முழுப் பணம் கட்டினால் என்ன விலை என்று கேட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாகப் பையன். அப்டேட் நின்ற போனை அவனுக்குப் பாட்டு கேட்கவும் பள்ளிப் பாட வீடியோ பார்க்கவும் கொடுக்கலாம். சிம் வேண்டாம், வீட்டு வைஃபை போதும். கொடுப்பதற்கு முன் படங்களையும் வாட்ஸப் உரையாடல்களையும் புதுப் போனுக்கு மாற்றி, எல்லாம் வந்துவிட்டதா என்று திறந்து பாருங்கள். பிறகு பழையதிலிருந்து ஜிபேயையும் வங்கிச் செயலிகளையும் எடுத்துவிட்டு, உங்கள் கூகுள் கணக்கை நீக்கி, முழுவதுமாக ரீசெட் செய்யுங்கள். அதில் அவனுக்குத் தனிக் கணக்கு போடுங்கள். உங்கள் கணக்கிலேயே விட்டுக் கொடுத்தால், நீங்கள் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் அனைத்தும் அவன் கையில் இருக்கும்.

அன்புடன்