கேள்வி: ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி கேட்க முதன்முறையாகப் போகிறேன். எங்கே உட்காரலாம்? எப்போது கை தட்டலாம்?

பதில்: முன்வரிசைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அங்கிருந்து பார்த்தால் வயலின்காரர்களின் காலணிதான் தெரியும். பின்னால் இருக்கும் ஊதுகருவிகளும் டிம்பனி என்ற பெரிய முரசுகளும் மறைந்துவிடும்.

நான் இந்த சிம்பொனியைக் கேட்டது பெர்லின் ஃபில்ஹார்மனி அரங்கில். ஹான்ஸ் ஷரூன் வடிவமைத்து 1963இல் திறந்த கட்டடம் அது. மேடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கைகள். ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் உள்ள இடங்களை, பாடகர் குழு இல்லாத நாட்களில் மலிவாக விற்பார்கள். குழுவை நடத்தும் கண்டக்டரின் முகம் நேரே தெரியும். ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியின் வாய் பின்பக்கம் பார்த்திருப்பதால் அதன் சத்தம் தூக்கலாகவும், வயலின் கொஞ்சம் அடங்கியும் கேட்கும். எனக்கு அது நஷ்டமாகப் படவில்லை. உங்கள் அரங்கில் அப்படி இடம் இல்லையென்றால் பால்கனி எடுங்கள்.

பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்கக் காரணம் இருக்கிறது. இந்த சிம்பொனிக்கு நான்கு பகுதிகள். நான்காம் பகுதி தொடங்கும்போது நம் காதில் விழும் அந்த அழுகை போன்ற மெட்டை யாருமே முழுதாக வாசிப்பதில்லை. ஒரு ஸ்வரம் முதல் வயலின்களுக்கு, அடுத்தது இரண்டாம் வயலின்களுக்கு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார் சைக்கோவ்ஸ்கி. இரண்டு குழுவையும் எதிரெதிரே உட்கார வைக்கும் கண்டக்டர் என்றால் மெட்டு இடமும் வலமுமாகத் தாவும். இசைத்தட்டில் கேட்டு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மைக் வைத்த சபா கச்சேரிகளில் பழகிய காதுக்கு முதலில் சத்தம் போதாது என்று தோன்றும். இங்கே ஒலிபெருக்கி கிடையாது. ஓபோ என்ற ஊதுகருவி ஒரு ஸ்வரம் பிடிக்க, எல்லோரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். சிம்பொனி தொடங்குவதே பாசூன் என்ற தாழ்ந்த குரல் ஊதுகருவியின் முனகலில்தான். முதல் பகுதியின் நடுவில் ஓர் இடம் வரும். மெல்ல வாசிக்கச் சொல்ல இசைக்குறிப்பில் 'பி' என்று ஓர் எழுத்து போதும். இவர் ஆறு போட்டிருக்கிறார். பாசூனால் அவ்வளவு அடக்கி வாசிப்பது சிரமம் என்பதால் பல குழுக்கள் அதை பாஸ் கிளாரினெட் என்ற இன்னொரு ஊதுகருவியிடம் கொடுத்துவிடும். அடுத்த நொடி மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஓங்கி அடிக்கும். தெரிந்தே போனாலும் தூக்கிவாரிப்போடும்!

இரண்டாம் பகுதி ஐந்து எண்ணிக்கையில் நடக்கும், இரண்டும் மூன்றுமாக. தாளம் போடத் தெரிந்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். தொடையில் தட்டாதீர்கள்; விரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை தட்டல்: பகுதிகளுக்கு நடுவே தட்டக் கூடாது என்பது இன்றைய வழக்கம். பழைய காலத்தில் இந்தக் கெடுபிடி இல்லை. 1813இல் வியன்னாவில் பேத்தோவனின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்க வைத்தார்கள் ரசிகர்கள். உங்களுக்கான பொறி மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அணிவகுப்பு மாதிரி ஏறி ஏறிப் பெரும் முழக்கத்தில் முடியும். கச்சேரியே முடிந்துவிட்டது என்று நினைத்து யாராவது தட்டிவிடுவார்கள். முறைக்காதீர்கள், அந்த இசை கேட்பதே அதைத்தான். நான்காம் பகுதிக்குப் பிறகு மட்டும், கண்டக்டர் கையைக் கீழே போடும்வரை பொறுங்கள்.

1893 அக்டோபர் 28 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் சைக்கோவ்ஸ்கியே நடத்தி இதை அரங்கேற்றினார். ஒன்பதே நாளில் இறந்துபோனார். அதனால் நிகழ்ச்சிக் கையேட்டில் மரணம், முன்னுணர்வு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். அதை வீட்டுக்கு வந்து படித்துக்கொள்ளலாம்.