பவர் ஸ்டியரிங் ஊளையிட்டால் பம்பைத்தான் மாற்றணுமா?

கேள்வி (குடியாத்தம் வாசகர்): எங்களுடையது 12 வருடம் ஓடிய, ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கை ஒடித்தால் 'ஙொய்ய்' என்று ஊளைச் சத்தம் வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் ஏறுகிறது. காட்பாடி போய்ச் சேர்வதற்குள் பாதி அடங்கிவிடும். இரண்டு மாதத்தில் இரண்டு முறை ஸ்டியரிங் ஆயில் ஊற்றினோம். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. பம்பை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். இன்ஜின் வேகத்தோடு சத்தம் ஏறுவதால், ஸ்டியரிங்கை எளிதாகத் திருப்ப ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்பிலிருந்து அது வருகிறது என்பது சரி. ஆனால் பம்பு கத்துவதெல்லாம் பம்பின் குறை அல்ல. ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுத்தாலோ, ஆயில் போதுமான அளவு வந்து சேராவிட்டாலோ, நல்ல பம்பும் இப்படித்தான் ஊளையிடும். அதைக் கவனிக்காமல் புதுப் பம்பு மாட்டினால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

முதலில் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு ஆயில் ரோஸ்மில்க் மாதிரி வெளிறி நுரைத்திருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. இன்னொரு சோதனை: இன்ஜின் ஓடும்போது ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஆஃப் செய்ததும் மறுபடி பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் சந்தேகமே வேண்டாம், காற்றுதான்.

காற்று நுழையும் வழி பெரும்பாலும் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலோடு இன்ஜின் சூடும் சேர்ந்து, வருடக்கணக்கில் வெந்து, அதன் முனை இறுகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதியாது. ஸ்பிரிங் கிளிப்பும் பிடிப்பை இழந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது இந்த ஹோஸில் இருப்பது உறிஞ்சும் இழுப்பு. அதனால் ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். காலையில் ரப்பர் விறைத்திருக்கும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். சூடேறியதும் இடைவெளி ஓரளவு அடைபடும். உங்கள் வண்டியில் சத்தம் பாதியாகக் குறைவது இதனால்தான் என்று தோன்றுகிறது. ஹோஸ் இணைப்பில் புழுதி ஒட்டி அப்பியிருந்தால், ராத்திரியில் அங்கே கசிகிறது என்று அர்த்தம்.

ஊற்றிய ஆயில் போகக்கூடிய இன்னொரு இடம் ஸ்டியரிங் ராக்கின் (முன்சக்கரங்களை இடமும் வலமும் தள்ளும் பல் தண்டு) இரு பக்கமும் இருக்கும் ரப்பர் உறை. ராக் சீல் போயிருந்தால் ஆயில் தரைக்கு வராமல் உறைக்குள்ளேயே தேங்கும். உறையின் அடிப்பக்கத்தை விரலால் பிதுக்கினால் கொழகொழவென்று தெரியும். அப்படியென்றால் ராக்கைக் கழற்றி சீல் கிட் போட வேண்டும்.

ஹோஸ்தான் காரணம் என்றால் ஆயில் தாங்கும் ஹோஸையே கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸைத் துண்டு போட்டு மாட்டினால் உப்பிவிடும். கிளிப் திருகும் வகையாக இருக்கட்டும், பம்பு வாயிலுள்ள ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) சேர்த்து மாற்றுங்கள். டப்பாவின் அடியில் உள்ள சல்லடையில் கசடு அடைத்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். கழுவிப் போகாவிட்டால் டப்பாவையே மாற்றுவது நல்லது.

ஆயில் எது என்பது மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். பல வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்குத் தனி ஆயில். கைக்குக் கிடைக்கிறதே என்று பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் எல்லாம் உப்பிக் கெட்டுவிடும். பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றி நிரப்ப 2 லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றெடுக்க, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினைப் போடாமல், ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக 15, 20 தடவை திருப்புங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். பிறகு இன்ஜினைப் போட்டு, ஐட்லிங்கிலேயே அதே வேலை. கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள், அங்கே அழுத்தம் உச்சத்தில் இருக்கும். நுரை அடங்காவிட்டால் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். இதில் அவசரம் உதவாது.

இத்தனைக்கும் பிறகு ஊளை நிற்காமல், வெள்ளைத் துணியில் தொட்ட ஆயிலில் உலோகத் தூள் மினுங்கினால், அப்போது பம்பு போய்விட்டது. புதுப் பம்பு மாட்டுமுன் லைன்களைக் கழுவியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தூள் புதியதையும் தின்றுவிடும். எதுவானாலும் ஏலகிரி ஏறும் எண்ணமிருந்தால் இந்த வேலையை முடித்துவிட்டுப் போங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே ஆயில் தீர்ந்தால் ஸ்டியரிங் திடீரென்று கல்லாகிவிடும்.

கேள்வி (ஆம்பூர் வாசகி): என் சின்ன காரில் ஸ்டியரிங் ஆயில் டப்பாவையே காணோம். பள்ளத்தில் இறங்கும்போதும், நிற்கும்போது திருப்பினாலும் 'டொக் டொக்' என்கிறது.

பதில்: உங்களுடையது மோட்டாரில் இயங்கும் எலெக்ட்ரிக் ஸ்டியரிங், அதற்கு ஆயில் கிடையாது. ஒருவரை ஸ்டியரிங்கைச் சிறிது இடமும் வலமும் ஆட்டச் சொல்லி, பெடல்களுக்கு மேலே, ஸ்டியரிங் தண்டு வளையும் இடத்தில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். தட்டும் உதறல் அங்கே தெரிந்தால் போல்ட்டையோ ஜாயின்ட்டையோ பார்க்க வேண்டும். இல்லையென்றால் ராக் புஷ் (ராக் தண்டைத் தாங்கும் வளையம்), டை ராட் எண்ட் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) இரண்டையும் பாருங்கள். ராக் நட்டை யாராவது இறுக்கப் பார்த்தால் சிறிதளவுக்கு மேல் விடாதீர்கள். அதிகம் இறுகினால் திருப்பிய பின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. டாஷ்போர்டில் ஸ்டியரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்): ஸ்டியரிங் கோடிக்குப் போகும்போது மட்டும் 'கீச்' என்கிறது. பம்பா?

பதில்: பெல்ட். கோடியில் பம்புக்குச் சுமை ஏறுவதால் தளர்ந்த பெல்ட் வழுக்குகிறது. இன்ஜினை ஆஃப் செய்து, இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் போனால் இறுக்க வேண்டும். உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ வெடிப்பு இருந்தாலோ புது பெல்ட் போடுங்கள். பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தால் முதலில் அந்தக் கசிவை அடைத்த பிறகே புதியதை மாட்டுங்கள்.