தந்தைக்குப் பெருங்குடல் புற்றுநோய்: மகன் என்ன செய்யலாம்?

கேள்வி: என் தந்தைக்கு 54 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. எனக்கு வயது 41. உட்கார்ந்தே செய்யும் வேலை, தொப்பை போட்டுவிட்டது. தடுப்புக்காகப் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன், மாலையில் கொஞ்சம் நடக்கிறேன். இது போதுமா? உணவில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: போதாது. உணவை மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டியது கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு 60 வயதுக்குள் இந்நோய் வந்திருந்தால், 40 வயதிலோ அவருக்கு நோய் கண்ட வயதுக்கு 10 ஆண்டு முன்போ, எது முந்தையதோ அப்போது பரிசோதனையைத் தொடங்கி, 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்வது பரவலான வழிகாட்டுதல். உங்களுக்கு அந்த வயது வந்துவிட்டது. குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்னும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுக்கு மேல் ஆகும். எந்த உணவும் அதைக் கரைக்காது. கொலோனோஸ்கோபியின்போதே அதை வெட்டி எடுத்துவிடலாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்ததா என்றும் விசாரியுங்கள். இருந்தால், இந்தப் புற்றுநோய்களின் வாய்ப்பைப் பரம்பரையாகக் கூட்டும் லிஞ்ச் நோய்க்குறிக்கான மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது உறுதியானால் இடைவெளி 1 முதல் 2 ஆண்டாகக் குறையும்.

மருத்துவர் எழுதித் தராத மாத்திரை என்றால் நிறுத்திவிடுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது: நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 விழுக்காடு கூடியது. அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வை இதே காரணத்தால் 1996-ல் பாதியில் நிறுத்தினார்கள். காய்கறி, பழங்களில் இருக்கும் சத்தைத் தனியே பிரித்து அதிக அளவில் விழுங்கினால் அதே பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை அத்தோடு தகர்ந்தது.

உணவில் முதல் இலக்கு நாளுக்கு 30 கிராம் நார்ச்சத்து. வேகவைத்த பயறு ஒரு கோப்பையில் ஏறக்குறைய 15 கிராம் கிடைக்கும். மீதியை முழுதானியம், காய், தோலுடன் பழம் ஈடுசெய்யும். குடல் பாக்டீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களின் முக்கிய உணவு. ஒரே வாரத்தில் அளவைக் கூட்டினால் வயிறு உப்பி, வாயு சேர்ந்து, பலர் இரண்டாம் வாரமே கைவிடுகிறார்கள். 3, 4 வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள்.

சாசேஜ், ஹாம், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சேர்ந்தால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு கூடும். அதை விட்டுவிடுவதே நல்லது. ஆடு, மாடு, பன்றி இறைச்சியைச் சமைத்த எடையில் வாரம் 500 கிராமுக்குள் நிறுத்துங்கள். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு கிடையாது.

நடை வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. வாரம் இரு நாள் தசை வலுப்பயிற்சியும் சேருங்கள். உழைக்கும் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் இன்சுலின் குறைகிறது. இரத்தத்தில் எப்போதும் மிகுந்திருக்கும் இன்சுலின் செல் பெருக்கத்தைத் தூண்டும். தொப்பை ஆபத்தாவது இதனாலும்தான்.

இவை எல்லாவற்றையும் தனிமனிதர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. வரியால் புகையிலை விலை 10 விழுக்காடு ஏறினால் நுகர்வு 4, 5 விழுக்காடு இறங்குகிறது. எந்த அறிவுரையும் இவ்வளவு பேரை எட்டாது. சில நாடுகளில் அரசே வீட்டுக்கு மலச்சோதனைப் பெட்டியை அனுப்புகிறது. அது சராசரி ஆபத்து உள்ளவர்களுக்கானது. உங்களுக்குக் கொலோனோஸ்கோபிக்கு மாற்றாகாது.

மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிய மலப்பழக்கம், காரணமில்லாத இரத்தசோகை அல்லது எடை இழப்பு இருந்தால், பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.