மூங்கில் கலந்த குளியல் துண்டு: கேளுங்கள், சொல்கிறேன்

மூங்கில் கலந்த டர்க்கி டவல் வாங்கலாமா வேண்டாமா என்பதுதான் இன்றைய பேச்சு. நூல், நெசவு, துவைப்பு, சோதனை பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எந்தக் கடை, எந்த பிராண்டு என்று மட்டும் கேட்க வேண்டாம். தோல் வியாதிக்குத் தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

புதுவீடு, திருச்சி: அண்ணே, 70% மூங்கில் 30% பருத்தின்னு போட்டிருக்கு. சாதா காட்டன் டவலை விட விலை ரொம்ப அதிகம். அந்தக் காசுக்குத் தகுமா?

முதலில் துண்டின் கட்டமைப்பைப் பாருங்கள். டர்க்கி டவலில் இரண்டு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல் வரிசை, ஓடும். ஒன்று தரைப்பாவு. அதுவும் ஊடையும், அதாவது குறுக்கே ஓடும் நூலும், சேர்ந்துதான் துணியைப் பிடித்து நிறுத்துகின்றன. மற்றது லூப் பாவு. அது தளர்வாக ஓடி இரண்டு பக்கமும் வளையம் போடும். உடம்பில் படுவதும் தண்ணீரை இழுப்பதும் இந்த வளையம்தான். நல்ல ஆலையில் லூப்புக்கு மட்டும் மூங்கில் நூல் போட்டு, தரைப்பாவும் ஊடையும் முழுப் பருத்தியாக வைப்பார்கள். 70:30, 60:40 என்ற கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

காரணம் இருக்கிறது. மூங்கில் நூல் என்பது விஸ்கோஸ், அதாவது ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, அந்தக் கரைசலைச் சல்லடைத் துளை வழியாக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி எடுக்கும் இழை. விஸ்கோஸ் நனைந்தால் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். பருத்தியோ நனைந்தால் கொஞ்சம் பலம் கூடும். துண்டு எப்போதும் ஈரத்தில் இழுபடும் பொருள். தரையும் மூங்கிலாக இருந்தால் முதலில் ஓரத் தையலில் கிழியும், அடுத்து மாட்டுகிற கொக்கிக்காதில் கிழியும்.

மென்மை உண்மையானது. பருத்தி இழை முறுக்கிய நாடா மாதிரி இருக்கும், விஸ்கோஸ் இழை வழவழப்பாக ஓடும். ஈரம் இழுப்பதும் உண்மை: சாதாரண அறைக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8% ஈரம் வைத்திருக்கும், விஸ்கோஸ் 11 முதல் 13% வரை. ஆனால் அதிகம் குடிக்கிற துணி காயவும் அதிக நேரம் எடுக்கும். முகம், கை துடைக்க, காற்றோட்டமான வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்த என்றால் காசுக்குத் தகும். நாலு பேர் ஒரே கொடியில் போட்டு, ரெண்டு வருஷம் முரட்டுத்தனமாக உழைக்க வேண்டும் என்றால் பருத்தியே வாங்குங்கள்.

ஹாஸ்டல் பையன், கோவை: சார், ஹாஸ்டலுக்கு எது நல்லது?

ஈரிழைத் துண்டு. ரெண்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றிப் போடலாம்.

கடலோரம், நாகப்பட்டினம்: ஐப்பசி கார்த்திகையில துண்டு காயவே மாட்டேங்குது. ரெண்டாம் நாளே வாடை. மூங்கில் துண்டுல வாடை வராதுன்னு சொல்லித்தான் வாங்கினேன்.

வரும். ஈரத்துணியின் அந்தப் புளித்த வாடைக்கு மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தோலிலிருந்து ஒட்டும் எண்ணெயும் வியர்வையும் அதற்குச் சாப்பாடு, ஈரம் அதற்கு வீடு. இழை மூங்கிலிலிருந்து வந்ததா மரத்திலிருந்து வந்ததா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வாடை பிடித்த துண்டை இப்படிச் செய்யுங்கள். ஒரு வாளியில் 5 லிட்டர் தண்ணீர், கை பொறுக்கிற சூடு. ஆக்சிஜன் பிளீச் தூள், அதாவது சோடியம் பெர்கார்பனேட், 2 மேசைக்கரண்டி போட்டு முழுக்கக் கரையுங்கள். பிறகு துண்டை முக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் வழக்கமான சோப்புத்தூளில் பாதி அளவு போட்டுத் துவைத்து, ரெண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிழியும்போது முறுக்க வேண்டாம், ஈர விஸ்கோஸ் முறுக்கினால் நைந்துபோகும். மெஷின் என்றால் பிழியும் வேகம் நிமிஷத்துக்கு 800 சுற்றுக்கு மேல் வேண்டாம். நன்றாக உதறி, மடிக்காமல் ஒற்றையாக விரித்துப் போடுங்கள். அடைமழை நாளில் மின்விசிறிக்குக் கீழே போட்டால் போதும்.

அடுத்த முறை வாங்கும்போது 400 ஜி.எஸ்.எம்-க்கு மேல் போகாதீர்கள். ஜி.எஸ்.எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. கடலோரத்தில் 600 ஜி.எஸ்.எம் மூங்கில் துண்டு வாங்குவது வாடையை விலை கொடுத்து வாங்குவதுதான்.

குளோரின் பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம். விஸ்கோஸை அரித்துவிடும்.

கணக்குப்பிள்ளை, மதுரை: லேபிள்ல ஜி.எஸ்.எம்-மே போடலீங்க. எப்படித் தெரிஞ்சுக்கறது?

சமையலறைத் தராசு போதும். துண்டு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நீளம், அகலம் அளந்து மீட்டரில் பெருக்குங்கள். 75 செ.மீ. × 150 செ.மீ. என்றால் 0.75 × 1.5 = 1.125 சதுர மீட்டர். எடை 506 கிராம் என்றால் 506 ÷ 1.125 = 450 ஜி.எஸ்.எம். கடைக்காரர் 600 என்று சொல்லி, தராசு 450 காட்டினால் அங்கேயே கேளுங்கள்.

சந்தேகம், சேலம்: நூலை எரிச்சுப் பார்த்தா மூங்கிலா காட்டனான்னு தெரியும்னு வீடியோல சொல்றாங்களே?

தெரியாது. ரெண்டும் செல்லுலோஸ்தான், அதாவது செடியின் நார்ப்பொருள். ரெண்டும் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். எரித்துப் பார்த்தால் பாலியஸ்டர் கலப்பு மட்டும் தெரியும். அது உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும்.

மூங்கிலுக்கு ஈரச் சோதனை செய்யுங்கள். லூப்பிலிருந்து ஒரு சாண் நூலை உருவுங்கள். காய்ந்த நிலையில் ரெண்டு கையிலும் பிடித்து இழுத்து அறுத்துப் பாருங்கள். மிச்ச நூலின் நடுவில் விரலால் தண்ணீர் தொட்டு வைத்து, அரை நிமிஷம் விட்டு இழுங்கள். விஸ்கோஸ் என்றால் நனைந்த இடத்தில் சுலபமாக அறுந்துவிடும். பருத்தி நனைந்த இடத்தில் முரண்டு பிடிக்கும். ஆனால் இது விஸ்கோஸ் என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த விஸ்கோஸ் மூங்கிலிலிருந்து வந்ததா, யூகலிப்டஸ் மரத்திலிருந்து வந்ததா என்பதை வீட்டில் எந்தச் சோதனையாலும் பிரிக்க முடியாது.

இயற்கைவழி, ஈரோடு: நீங்க ஒரேயடியா மறுக்கறீங்க. மூங்கில் காட்டுல பூச்சி மருந்து இல்லாமலே வளருது. அதுல இயற்கையான கிருமிநாசினி இருக்கு, அது துணியிலயும் இருக்கும். லேப் சர்டிபிகேட்டே இருக்கு.

செடியில் இருப்பதைப் பற்றி எனக்கு வாதம் இல்லை. துணியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூழாக்கும்போதே செல்லுலோஸ் தவிர மற்றதை நீக்கிவிடுகிறார்கள், அதற்காகத்தான் கூழாக்குவதே. அப்புறம் காஸ்டிக், கார்பன் டைசல்ஃபைடு, கந்தக அமிலம். இவ்வளவையும் தாண்டி ஒரு மூலிகைச் சத்து நூலில் உட்கார்ந்திருக்க வழியில்லை.

இயற்கைவழி: அப்ப சர்டிபிகேட் பொய்யா?

பொய் என்று சொல்லவில்லை, வாங்கிப் படியுங்கள் என்கிறேன். எந்த முறையில் சோதித்தார்கள்? ஏ.ஏ.டி.சி.சி 100 அல்லது ஐ.எஸ்.ஓ 20743 என்று இருக்க வேண்டும். எத்தனை துவைப்புக்குப் பிறகு சோதித்தார்கள்? பக்கத்தில் சாதாரண பருத்தித் துணியை வைத்து ஒப்பிட்டார்களா? துணிக்கு வெள்ளி போன்ற கிருமிநாசினிப் பூச்சு ஏதும் கொடுத்தார்களா? பூச்சு கொடுத்திருந்தால் அது பூச்சின் வேலை, மூங்கிலின் வேலை இல்லை. துவைக்கத் துவைக்க அதுவும் குறையும்.

அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009-லிருந்து இதே விஷயத்துக்காக நடவடிக்கை எடுத்து வருகிறது. ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக 2013-இல் அமேசான் உட்பட நாலு நிறுவனங்கள் சேர்ந்து 12.6 லட்சம் டாலர் கட்டின. 2022-இல் கோல்ஸ், வால்மார்ட் ரெண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர்.

ஏற்றுமதி, கரூர்: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பையர் '100% பேம்பூ'ன்னு லேபிள் அடிக்கச் சொல்றார். அடிக்கலன்னா ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போயிடும். நாங்க என்ன செய்ய?

உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் சரக்கு துறைமுகத்தில் இறங்கிய பிறகு லேபிள் தப்பு என்று திரும்பினால் பையர் உங்கள் கணக்கில்தான் கழிப்பார். அமெரிக்காவுக்கு 'மூங்கிலிலிருந்து எடுத்த ரேயான்' அல்லது 'மூங்கிலிலிருந்து எடுத்த விஸ்கோஸ்' என்று போடலாம். ஐரோப்பாவுக்கு 1007/2011 விதிப்படி இழையின் பெயர் விஸ்கோஸ், அவ்வளவுதான். மூங்கில் அங்கே இழைப் பெயரே இல்லை. அந்த விதியை மின்னஞ்சலில் இணைத்து, பையரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தரை பருத்தி, லூப் விஸ்கோஸ் என்றால் '100%' என்பது எந்த நாட்டிலும் செல்லாது.

இயற்கைவழி: அமெரிக்காக்காரன் சொன்னா வேதவாக்கா? நம்ம ஊர்ல மூங்கில் கூடையில காய்கறி கெடாம இருக்கே?

கூடையில் இருப்பது மூங்கில். துண்டில் இருப்பது கரைத்து மறுபடி உருவாக்கிய செல்லுலோஸ். அமெரிக்காவை விடுங்கள், மேலே நாகப்பட்டினத்துக்காரர் துண்டில் ரெண்டாம் நாளே வாடை வந்திருக்கிறது. கூடை மாதிரியே மூங்கிலை இடித்துச் சீவி நார் எடுத்து நூற்கிற முறையும் உண்டு. அந்த நூல் லினன் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். உங்கள் துண்டு பூப்போல இருந்தால் அது அந்த நூல் இல்லை.

பசுமை, மேட்டுப்பாளையம்: சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னாவது சொல்லலாமா?

உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில் அதன் கழிவால் பவானி ஆறு என்ன ஆனது என்று பெரியவர்களைக் கேளுங்கள். மூங்கில் வேகமாக வளர்கிறது, வெட்டினாலும் துளிர்க்கிறது, அது நல்லதுதான். கெடுதல் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கார்பன் டைசல்ஃபைடு ஆலைத் தொழிலாளியின் நரம்பைத் தாக்குகிற நச்சு. அதை மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிற ஆலையும் உண்டு, காற்றில் விடுகிற ஆலையும் உண்டு. லேபிளில் 'லையோசெல்' என்று இருந்தால் நிலைமை மேல். அது கார்பன் டைசல்ஃபைடு இல்லாமல் வேறு கரைப்பானில் கரைத்து எடுக்கிற செல்லுலோஸ் இழை. அதன் கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டுவிடுவார்கள், நூலும் ஈரத்தில் விஸ்கோஸை விடப் பலமாக இருக்கும். ஓக்கோ-டெக்ஸ் 100 முத்திரை, கையில் வரும் துணியில் கெடுதலான ரசாயன மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஆலை ஆற்றில் என்ன விட்டது என்று அது சொல்லாது.

புதுசு, தாம்பரம்: புதுத் துண்டு தண்ணியையே உறிஞ்சல. உடம்பு மேல வழுக்கிட்டு ஓடுது.

கடையில் கைக்கு வழவழவென்று இருக்க சிலிகான் பூச்சு கொடுத்திருப்பார்கள். சோப்புத்தூள் பாதி அளவு, வெதுவெதுப்பான தண்ணீர், மூன்று துவைப்பு. சாஃப்ட்னர் கூடாது. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், 5 விநாடிக்குள் உள்ளே போய்விட வேண்டும்.

மேல்மாடி, வேளச்சேரி: போர் தண்ணி. துண்டு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. சாஃப்ட்னர் ஊத்தலாமா?

கூடாது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து இழையில் படிந்திருக்கிறது. கடைசி அலசலில் 5 லிட்டருக்கு 100 மில்லி வெள்ளை வினிகர் விட்டு, 20 நிமிஷம் ஊறவைத்து அலசுங்கள். மாதம் ஒரு முறை போதும். வினிகரோடு குளோரின் பிளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

அம்மா, தஞ்சாவூர்: வாசனைக்காகக் கொஞ்சூண்டு சாஃப்ட்னர் மட்டும்?

மூன்றாவது முறை சொல்கிறேன்: எந்தத் துண்டுக்கும், எவ்வளவு குறைவாகவும் வேண்டாம். அது இழையின் மேல் கொழுப்பு மாதிரிப் படிந்து தண்ணீரை உள்ளே விடாது.

இளந்தாய், நெல்லை: பிறந்த குழந்தைக்கு?

லூப் குட்டையான, வெளிர் நிறத் துண்டு. பயன்படுத்தும் முன் ரெண்டு முறை துவைத்துவிடுங்கள், உதிர்கிற பஞ்சு போய்விடும். தோலில் தடிப்பு இருந்தால் மருத்துவர்.

கருப்பு, ஓசூர்: மூங்கில் கரித் துண்டு?

பெரும்பாலும் கரித்தூள் சேர்த்த பாலியஸ்டர். எரித்துப் பாருங்கள், மணியாகும்.

வீட்டுக்காரர், புதுச்சேரி: லூப் ஒண்ணு நீளமா வெளியே வந்திருக்கு. இழுத்தா வரிசையா வருது.

இழுக்காதீர்கள். துணியோடு ஒட்ட கத்தரியால் வெட்டிவிடுங்கள். தரைப்பாவு பிடித்திருப்பதால் ஓட்டை விழாது. ஜிப், வெல்க்ரோ உள்ள துணிகளோடு சேர்த்து மெஷினில் போட வேண்டாம்.

ஏற்றுமதி, கரூர்: கடைசியா ஒண்ணு. கலப்பு விகிதம் சரியா இருக்கான்னு சரக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எப்படி உறுதி செய்யறது?

ஒவ்வொரு சாய லாட்டிலிருந்தும், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியிலிருந்தும், ஒரு துண்டு எடுங்கள். லூப், தரைப்பாவு, ஊடை மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, தனிப் பையில் பெயர் எழுதிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். ஐ.எஸ்.ஓ 1833 வரிசையில், ஃபார்மிக் அமிலமும் ஜிங்க் குளோரைடும் சேர்ந்த கரைசலில் விஸ்கோஸ் கரைந்துவிடும், பருத்தி மிஞ்சும். மிஞ்சியதை எடை போட்டு விகிதம் சொல்வார்கள். தரைப்பாவிலும் விஸ்கோஸ் வந்தால், லேபிளைத் திருத்துவதற்கு முன்னால் அந்த லாட்டை நிறுத்திவைத்துவிட்டு நூல் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.